இருட்டுக்கு எத்தனை வருஷம்

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் பின்தெருவில் அவர் நடத்திய மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் சிலர் இன்னும் இருக்கலாம். அவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. மற்றவர்களுக்கு அக்கா என்று சொன்னால் போதும். வக்கீல், குமாஸ்தா, ரயில்வேக்காரர், வாய்தாவுக்கு வந்து பசித்துப்போன கட்சிக்காரர் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் புதுக் கறுப்புக் கோட்டோடு ஒரு கிரிமினல் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன். சாப்பாடு அக்காவிடம். சமையல் முழுக்க அவர் கணவர் பொறுப்பு. மனிதர் அடுப்படியை விட்டு வெளியே வந்து நான் பார்த்தது அபூர்வம். பரிமாறுவது அக்கா. சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தால், பந்தியின் கடைசி ஆளுக்குச் சாம்பார் போய்ச் சேர்வதற்குள் முதல் ஆள் மோருக்கு வந்திருப்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கடைசி ஆளும் வெறும் சோற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

அக்காவுக்கு எதையும் நடந்தபடி சொல்ல வராது. அதுதான் அவருடைய குணம். ஒருமுறை திருக்கழுக்குன்றம் மலைக்குப் போய்க் கழுகு சோறு தின்பதைப் பார்த்துவிட்டு வந்தார். முதல் நாள் சொன்னபோது கழுகு பாறைமேல் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில் அது திரும்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தது. அடுத்த வாரம் கழுகுக்குச் சோறு வைக்கும் பண்டாரத்தின் கையை விட்டுவிட்டு அக்காவின் கையிலிருந்தே சோற்றை எடுத்தது. "இன்னாடா, நம்பலையா? நகம் பட்ட தழும்பு கீது பாரு," என்று மணிக்கட்டைக் காட்டினார். அது அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்த தழும்பு என்பது பந்தியில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இந்த மாதிரிக் கட்டங்களில் அடுப்படியிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வரும். கணவர் கரண்டியால் அண்டாவின் விளிம்பைத் தட்டுவார். போதும், நிறுத்து என்று அர்த்தம். அக்கா உடனே, "செரி, நகம் படல. பட்ட மாதிரி இருந்துச்சு," என்று ஒரு படி இறங்குவார். சாப்பிட்டவர்களுக்குப் புரையேறும்.

கொளவாய் ஏரி நிரம்பி வழிந்த வருஷம் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. அதை அவர் சொல்லிச் சொல்லி இடுப்பளவுக்கு ஏற்றி, கடைசியில் மெஸ் அண்டாவை மிதக்கவிட்டு ஜங்ஷன் பிளாட்பாரம் வரை அனுப்பிவிட்டார். "டிக்கெட் இல்லாம ஏறிகிச்சு அண்டா! எங்க வூட்டுக்காரு பின்னாலயே ஓடறாரு!" அன்று கரண்டி மூன்று முறை தட்டியும் அவர் இறங்கவில்லை.

இதை வெறும் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் யாரைப் பற்றியும் கெடுதலாகக் கூட்டிச் சொன்னதில்லை. மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் நிலத் தகராறில் தோற்றுவிட்டு ஒரு நாள் சாப்பிட வந்தார். இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கோர்ட்டில் அவர் வாயே திறக்கவில்லை; அங்கே நானும் இருந்தேன். ஆனால் அக்கா பந்தி முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "இவரு ஜட்ஜப் பாத்து ஒரு கேள்வி கேட்டாராம் பாரு, கோர்ட்டே கப்சிப்," என்று தொடங்கினார். கிழவர் முதலில் திகைத்தார். பிறகு நிமிர்ந்தார். பிறகு, தான் கேட்காத அந்தக் கேள்வியை அவரே இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னார். இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். யாருக்காவது ஏதாவது குறைந்துபோயிருந்தால் அக்கா அங்கே கொஞ்சம் கூட்டிவிடுவார். அப்படித்தான் நான் புரிந்துவைத்திருந்தேன்.

அந்த வருஷம் மாசி மாதம் அக்கா மாமல்லபுரத்தில் இருந்த தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போனார். திரும்பும்போது பஸ் வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இஞ்சினைத் திறந்துபோட்டு உட்கார்ந்துவிட, மற்றவர்கள் நிழல் பார்த்து ஒதுங்கினார்கள். அக்காவுக்குப் பேச ஆள் இல்லாமல் உட்காரப் பிடிக்காது. பஸ் வந்தால் ஏறிக்கொள்ளலாம் என்று ரோட்டோடு திருக்கழுக்குன்றம் பக்கமாக நடந்தார். சவுக்குத் தோப்பிலிருந்து ஒருவன் வந்தான். பின்னாலிருந்து கழுத்துத் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். அக்கா கீழே விழுந்தார். கொடி அறுந்து, தாலி அவர் கையில் நின்றது, மீதி அவனோடு போனது. சற்று நேரத்தில் பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டது. திருக்கழுக்குன்றம் ஆஸ்பத்திரியில் விளக்கேற்றுகிற நேரத்தில் டாக்டர் முழங்கைக் காயத்துக்கு மருந்து போட்டார்.

மறுநாள் காலை இட்லி வைத்துக்கொண்டே எனக்கும் இன்னும் இரண்டு குமாஸ்தாக்களுக்கும் அக்கா இதைச் சொன்னார். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. குரல் சின்னதாக இருந்தது.

"பனைமரத் தலையில இன்னும் வெயில் இருந்துச்சு தம்பி. பட்டப்பகல்னே வெச்சுக்கோ. இழுத்தான், வுழுந்தேன், ஓடிட்டான். முதுகுப் பக்கம் இடுப்புல கத்தி சொருகியிருந்தான், சவுக்கு கழிக்கிற கத்தி. அவன் ஓடறப்போதான் அத்தப் பாத்தேன்."

அவர் வாயிலிருந்து நான் கேட்டதிலேயே சின்னக் கதை அது. ஒருவேளை அதனால்தான் எனக்கு அப்படியே நினைவில் நின்றது.

அன்று அவர் கணவர் போய் போலீசில் கொடுத்த புகாரில் கொடி போனதும் மனைவி விழுந்ததும் மட்டுமே இருந்தன. கத்தியைப் பற்றி எதுவும் இல்லை.

கழுத்துக் கோடு மறைய மறைய அக்காவுக்குக் குரல் திரும்பியது. எல்லோரும் கேட்டார்கள். புதிதாகச் சாப்பிட வருகிறவர்களிடம், "அக்கா கதையக் கேளுங்க," என்று பழைய ஆட்களே தூண்டினார்கள். பனைமரத்து வெயில் முதலில் இறங்கியது. பிறகு பொழுது சாய்ந்தது. பிறகு தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு வந்தது. கத்தி முதுகிலிருந்து வயிற்றுப் பக்கம் வந்தது, அங்கிருந்து அவன் கைக்கு வந்தது, கடைசியில் அக்காவின் தொண்டைக்குழியில் வந்து நின்றது. அடுப்படியில் கரண்டி தட்டவில்லை. கொடியைப் பறிகொடுத்தவள், எப்படியாவது சொல்லி ஆற்றிக்கொள்ளட்டும் என்று அவர் விட்டிருக்க வேண்டும். நாங்களும் சிரிக்கவில்லை. உச்சுக்கொட்டினோம்.

ஆளைப் பிடித்துவிட்டார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் இருந்து சவுக்குத் தோப்புகளில் கூலிக்குப் போகிறவன். கொடியைச் செங்கல்பட்டிலேயே நகைக்கடையில் விற்க வந்து மாட்டினான். ஏற்கெனவே தேங்காய் திருடி ஒருமுறை ஜெயிலுக்குப் போனவன். பிடிபட்ட பிறகு போலீஸ் அக்காவைக் கூப்பிட்டு விவரமாக வாக்குமூலம் வாங்கியது. அதற்குள் கத்தி கைக்கு வந்துவிட்டிருந்தது.

அவன் மனைவி வந்து வழக்கைக் கொடுத்தது என் சீனியரிடம்.

சீனியர் எனக்கு அதை விளக்கியது நினைவிருக்கிறது. "பறிச்சதை மறுக்க முடியாது, பொருளோட பிடிபட்டிருக்கான். வழிப்பறின்னா சட்டம் பத்து வருஷம் வரைக்கும் இடம் கொடுக்குது. ஆனா ரெண்டு, மூணுன்னு நிறுத்திக்க ஜட்ஜுக்கு உரிமை உண்டு. கத்தி இடுப்பில இருந்தாப் பரவாயில்லை. கையில எடுத்துக் காட்டினான்னு ஆயிட்டா, அது ஆயுதத்தை உபயோகிச்சது. அப்புறம் ஏழு வருஷத்துக்குக் கீழ ஜட்ஜே நினைச்சாலும் இறங்க முடியாது. அதோட, பொழுது சாஞ்சப்புறம் பொது ரோட்டில நடந்ததுன்னு வந்தா மேல்வரம்பு பதினாலுக்குப் போயிடும். போதாததுக்குப் பழைய தண்டனை வேற. ஒண்ணுமேல ஒண்ணா ஏறிண்டே போகும்."

கத்தி, இருட்டு. கதை நன்றாக இருக்க வேண்டும் என்று அக்கா கூட்டிய இரண்டும் சட்டப் புத்தகத்தில் தனித்தனி வரியாக இருந்தன.

அக்கா முதல் நாள் சொன்னதைச் சீனியரிடம் சொன்னேன். "குறுக்கு விசாரணையில கேக்கறேன்," என்றார். "ஆனா நீ அந்தம்மாகிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. எதிர்த்தரப்பு சாட்சி. பேசினா சாட்சியைக் கலைச்சதா ஆகும்." அதனால் மெஸ்ஸில் அந்தக் கதை தொடங்கினால் நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். நான் இலையில் மிச்சம் வைப்பதாக அக்கா குறைப்பட்டார்.

செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை நடந்த நாள் அக்கா அரக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். மெஸ் ஆட்களில் பலர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கணவரும் அன்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் அக்கா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பந்தியைப் பார்க்கிற அதே பார்வை. அரசு வக்கீல் கேட்கக் கேட்கச் சொன்னார். சவுக்குத் தோப்பின் இரைச்சலைச் சொன்னார். கடல்காற்றில் எண்ணெய் வாசனை வந்ததைச் சொன்னார். இருட்டில் கத்தி மட்டும் மினுக்கியதைச் சொன்னார். ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து கேட்டார்.

"கத்தியை எப்படிப் பிடிச்சிருந்தான்? காட்டுங்கம்மா."

அக்கா தன் இடது கையால் தன் தலைமுடியைப் பின்னுக்கு இழுத்து, வலது கையின் விளிம்பைத் தொண்டையில் வைத்துக் காட்டினார். நான் குற்றவாளிக் கூண்டைப் பார்த்தேன். அவன் கம்பியைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் கதை கேட்டுக்கொண்டிருந்தான்.

சீனியர் எழுந்தார். "முதல் புகாரில் கத்தியே இல்லையே அம்மா?"

"பொண்டாட்டி கழுத்து அறுபடாம வந்தாளேன்னு அழுதுகினு இருந்தவரு எங்க வூட்டுக்காரு. அவருக்கு கத்தி ஞாபகமா வரும்? நீங்க நெதானமா கேக்கறீங்க, நான் நெதானமா சொல்றேன்."

சிரிப்பு எழுந்தது. ஜட்ஜ்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மறுநாள் காலையில் உங்க மெஸ்ஸிலே, அவன் கத்தி முதுகுப் பக்கம் இடுப்பில இருந்ததுன்னு சொன்னீங்களா, இல்லையா?"

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவர் முகத்தில் ஏதோ தடுமாறியது. ஆனால் எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"இட்லி வைக்கிறப்போ சொன்னதெல்லாம் எனக்கு எங்கேங்க ஞாபகம் இருக்குது?" என்றார். மறுபடியும் சிரிப்பு.

தீர்ப்பு ஒன்பது வருஷக் கடுங்காவல். முதல் சாட்சி சொன்னதுபோல் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல, கண்ணால் கண்டவருக்கே முடியும் என்று ஜட்ஜ் தீர்ப்பில் எழுதியிருந்தார்.

தீர்ப்பு நாளில் அக்கா வரவில்லை. சாட்சிக்கு அங்கே வேலை இல்லை. அவன் மனைவி வந்திருந்தாள். வராந்தாவில் என்னிடம், "கத்திய எடுக்கவேல்லன்னு அது சொல்லிச்சு சாமி. அது பொய் பேசறதுதான். ஆனா எங்கிட்ட சொன்னப்போ பொய் பேசல," என்றாள். அதற்குமேல் அழக்கூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அன்று மத்தியானம் நான் தாமதமாகத்தான் மெஸ்ஸுக்குப் போனேன். பந்தி முடிந்திருந்தது. அக்கா இலை போட்டுக்கொண்டே, "இன்னா தம்பி ஆச்சு? ஆறு மாசம் போட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஒன்பது வருஷம்."

சோற்றுத் தட்டை அப்படியே கீழே வைத்தார். "ஒரு கொடிக்கா? அதான் திரும்பிக் கெடைச்சுடுச்சே."

வழக்கு முடிந்துவிட்டது, இனி பேசத் தடையில்லை. கொடிக்கு மட்டும் என்றால் இரண்டோ மூன்றோ ஆகியிருக்கும், கத்தியை எடுத்ததால் குறைந்தது ஏழு, ராத்திரி வேளை ரோட்டில் நடந்தது, பழைய தண்டனையும் இருக்கிறது என்பதால் அதற்குமேல் இரண்டு என்று சொன்னேன். அதட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் என் வாயையே பார்த்தது எனக்குத் தாங்கவில்லை.

"இருட்டுக்கு எத்தினி வருசம்?" என்றார்.

"அப்படித் தனியாப் பிரிக்க முடியாதுக்கா."

"பிரிச்சுச் சொல்லு தம்பி. கத்திக்கு எத்தினி, இருட்டுக்கு எத்தினி?"

அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "இருட்டுன்னா கேக்கறதுக்கு நல்லா இருக்கும்னு சேத்துகினேன். அதுக்கெல்லாம் வருசம் கீதுன்னு எனக்கு யாரு சொன்னா?" பிறகு தனக்கே சொல்லிக்கொள்வது போல, "கூண்டுல நிக்கறப்போ எனக்கு கத்தி தெரிஞ்சுது. நெசமா தெரிஞ்சுது. வூட்டுக்கு வந்து புடவைய மாத்தறேன், அப்போ தெரியல," என்றார்.

அடுத்த வாரமே அக்கா சீனியர் வீட்டு வாசலில் வந்து நின்றார். சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்றார்.

"அம்மா, சத்தியம் பண்ணிச் சொன்னதை மாத்தினா உங்க மேலயே பொய்ச்சாட்சி வழக்கு வரும்," என்றார் சீனியர்.

"வரட்டுங்க."

"வந்தாலும் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது. அவன் ஆட்கள் உங்களை மிரட்டிட்டாங்கன்னுதான் கோர்ட் நினைக்கும்."

"நான் நேராப் பாத்துச் சொன்னா நம்ப மாட்டாங்களா? அன்னிக்கு நம்பினாங்களே."

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் அப்பீலோடு அக்காவின் பிரமாண வாக்குமூலத்தையும் சேர்த்து ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கேற்றும் நேரத்தில் காயத்தைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியம் இருந்ததால், சம்பவம் பொழுது சாய்வதற்கு முன்னேதான் நடந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்; தண்டனை ஏழாகக் குறைந்தது. கத்தி விஷயத்தில், பயந்துபோன ஒரு பெண் பிறகு மாற்றிச் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றார்கள். அவர் மேல் நடவடிக்கையும் எடுக்கவில்லை.

அதைக் கேட்டு அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இருட்ட எடுத்துட்டாங்க. கத்திய வெச்சுட்டாங்க."

அதற்குப் பிறகு மெஸ்ஸில் சாப்பாடு சீக்கிரம் முடிந்தது. "சாம்பாரா, ரசமா?" என்று கேட்பார், ஊற்றுவார், அடுத்த இலைக்குப் போவார். பழக்கமான ஆட்கள், "இன்னாக்கா, மாமல்லபுரம் போய்ட்டு வந்தீங்களாமே?" என்று தூண்டிப்பார்ப்பார்கள். "போனேன். வந்தேன்," என்பார். சிலருக்கு அது பிடிக்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு மெஸ்ஸுக்கு மாறினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உடன் வரச் சொன்னார். அவன் மனைவியைப் பார்க்க வேண்டும், அவளுக்கு என்னைத்தான் தெரியும். பஸ்ஸில் போய் இறங்கி மணலில் நடந்தோம். குப்பத்தில் அந்தப் பெண் காய்ந்த சவுக்கு மிலாறை விறகுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்தாள். வா என்று சொல்லவில்லை.

அக்கா நின்றபடியே சொன்னார். "உன் வூட்டுக்காரு கத்திய எடுக்கல. நான்தான் எடுத்தான்னு சொல்லிட்டேன்."

அந்தப் பெண் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "ஏன் சொன்ன?"

அக்கா பதிலைத் தேடினார். எனக்குத் தெரிந்து அவர் வார்த்தை தேடியது அப்போதுதான். "எல்லாரும் கேட்டுகினு இருந்தாங்க," என்றார்.

"என்னாது?"

"எல்லாரும் கேட்டுகினு இருந்தாங்க. அதான்."

அந்தப் பெண் கயிற்றைக் கீழே போட்டாள். பிறகு குரல் கொடுத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தவர்களைக் கூப்பிட்டாள். ஆணும் பெண்ணுமாக வந்து நின்றார்கள். "கழுத்துல கத்தி வெச்சவன் பொண்டாட்டின்னு இங்க என்னை ஒருத்தரும் வேலைக்குக் கூப்புடறதில்ல. இப்ப சொல்லு. இவங்களாண்ட சொல்லு," என்றாள்.

அக்கா சொன்னார். வெயில் இருந்தது, இழுத்தான், விழுந்தேன், ஓடினான், கத்தி முதுகில் இருந்தது, எடுக்கவில்லை. தொடங்கியதுமே முடிந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர், "அவ்ளோதானா?" என்று கேட்டார். "அவ்ளோதாங்க," என்றார் அக்கா. அவர் கன்னத்தில் நீர் வழிந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது மணலில் இரண்டு தரம் தடுக்கினார். நான் கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றார்.

வருஷங்கள் போயின. நான் சொந்தமாக வழக்கு எடுக்கத் தொடங்கினேன், கல்யாணமாகி வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறினேன். ஆனாலும் கோர்ட் நாட்களில் மத்தியானம் அக்காவிடம்தான். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அவன் உள்ளே வந்தான். நன்னடத்தைக் கழிவு போக மீதியை முடித்துவிட்டு வந்திருந்தான். முடி கொட்டி, தோள் ஒடுங்கி இருந்தது. எனக்கே அடையாளம் காணக் கொஞ்ச நேரம் ஆனது. அக்காவுக்கு ஆகவில்லை.

அவன் மனைவி எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அவள் உள்ளே வரவில்லை. எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் நின்றாள். அவன் யாரையும் பார்க்காமல் பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்தான். அக்கா இலை போட்டார். தெளித்த தண்ணீர் பாதி இலைக்கு வெளியே விழுந்தது. சோறு வைத்தார். குனிந்தபடியே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நான்தாம்பா. உன்ன உள்ள தள்ளினது நான்தான்," என்றார். பிறகு விசும்பினார்.

நான் இரண்டு இலை தள்ளி இருந்தேன். அவன் சோற்றில் கை வைக்கவில்லை.

"அழாதம்மா," என்றான். "நான் எடுக்கத்தான் இருந்தேன். கை கத்திக்குத்தான் போச்சு. அதுக்குள்ள நீ வுழுந்துட்ட. நீ வுழாம இருந்தா எடுத்துருப்பேன். நீ சொன்னதுல தப்பு இல்ல."

அக்கா விசும்பலை நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் பிழைத்துவிடுவார் என்று நினைத்தேன். பிழைக்கட்டும் என்றும் நினைத்தேன். அவ்வளவு வருஷம் அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்தவன் நான்.

"இல்லப்பா," என்றார் அக்கா. "அப்பிடிச் சொல்லாத. உன் ரெண்டு கையும் என் கொடியிலதான் இருந்துச்சு. நான் வுழுந்தப்புறமும் கொடியத்தான் புடிச்சுகினு இருந்த. கத்தி பக்கம் கை போவல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். விரலால் சோற்றை ஓரமாக ஒதுக்கினான், மறுபடி நடுவுக்குத் தள்ளினான். பிறகு நிமிர்ந்தான்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றான். கோபமாகக்கூட இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிறவன் மாதிரி கேட்டான்.

அவன் காத்திருந்தான். பதில் வராது என்று தெரிந்ததும் எழுந்து, சாப்பிடாத இலையை மடித்துத் தானே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டான். கை கழுவினான். தெருவைக் கடந்து மனைவியிடம் போனான். இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள்.

பந்தியின் நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தார். எதுவும் தெரியாத யாரோ ஒரு கட்சிக்காரர், "ரசம்மா," என்றார். அக்கா வாளியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்.